பட்டாளத்தக்காவின் ரெக்கார்டு நோட்டு

“பெல்ட்டைக் கழட்டு!”

அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். கொட்டுகிற மழை... ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே நடுரோடு... சுற்றிலும் நாற்பது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க, முன்பின் தெரியாத ஒருத்தி இப்படி அதட்டினால் எந்த ஆண்பிள்ளைதான் ஆடிப்போக மாட்டான்?

“எ... என்னது?”

“காது கேக்கலையா? அந்தத் துணி பெல்ட்டு! சீக்கிரம் கழட்டிக் குடு!”

கழற்றினான். கொடுத்தான். பைக்கில் வந்து லாரியில் மோதி விழுந்த ஒருவர் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். தொடையிலிருந்து ரத்தம் மழைத் தண்ணீரோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெல்ட்டைத் தொடைமேல் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அங்கே கிடந்த ஒரு குடையின் கைப்பிடியை உடைத்து முடிச்சுக்குள் செருகினாள். ஒரு முறுக்கு... இரண்டு முறுக்கு... மூன்றாவது முறுக்கில் ரத்தம் நின்றது.

“இதைப் பிடி. விட்டே... அப்புறம் தெரியும் சேதி!”

பிடித்தான். அவள் அவன் சட்டைப்பையிலிருந்த மார்க்கர் பேனாவை, கேட்காமல் கொள்ளாமல் உருவினாள். அடிபட்டவரின் நெற்றியைத் தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு, கட்டுப் போட்ட நேரத்தைக் கொட்டை எழுத்தில் ‘8.20’ என்று எழுதினாள்.

அப்போதுதான் அவன் அவள் கண்களைப் பார்த்தான். இமையிலிருந்து மழை சொட்டுகிறது... ஆனால் அவள் சிமிட்டவே இல்லை. எடுத்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமே இல்லாத கண்கள். ‘அப்பாடி... என்ன கண்ணுடா இது!’ என்று அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது. இன்னொன்றும் நழுவியது. பெல்ட் போய்விட்டதல்லவா... ஒரு கையால் குடைக் கைப்பிடியையும் மறு கையால் பேண்ட்டையும் பிடித்துக்கொண்டு அவன் நின்ற கோலம் இருக்கிறதே!

ஸ்ட்ரெச்சர் வந்தது. அடிபட்டவர் உள்ளே போனார். அவள் பேனாவை மூடி அவனிடம் நீட்டினாள்.

“முறுக்கு தளராம சரியாப் பிடிச்சே. பரவாயில்லை, பயந்தாங்கொள்ளி இல்லை.”

“ஏதோ... கொஞ்சம் பழக்கம். நீங்க போலீஸா?”

“இல்லை. நர்சிங் படிக்கிறேன். முதல் வருஷம்.” சிரித்தாள். தெற்றுப்பல் ஒன்று எட்டிப் பார்த்தது. “உன் பெல்ட்டு திரும்பி வராது. வேற வாங்கிக்கோ.”

மழைக்குள் விடுவிடுவென்று நடந்து போய்விட்டாள். அவன் அங்கேயே நின்றான். பேண்ட்டை விடாமல்தான்.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, எலும்பு முறிவு வார்டில், முதல் வருட மாணவிகள் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். பத்துப் பேருக்குப் பத்தொன்பது வயது. பதினோராவது ஆள் நம்மவள்... முப்பத்துமூன்று. பன்னிரண்டு வருடம் ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவள். கூடப் படிக்கும் பெண்கள் அவளுக்கு ‘பட்டாளத்தக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் அதற்கு ‘என்ன?’ என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டாள்.

“குட்மார்னிங். நான்தான் இந்த வார்டு இன்சார்ஜ்.”

குரலைக் கேட்டு நிமிர்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ஐயையோ... இவனா! நீ, வா, போன்னு பேசினேனே... சேதி தெரியும்னு வேற சொன்னேனே...’

வெள்ளைச் சீருடையில், இடுப்பில் புத்தம் புது பெல்ட்டோடு அவன் நின்றான். அவளைப் பார்த்தான். உதட்டோரம் ஒரு துடிப்பு... அவ்வளவுதான். சிரிக்கவில்லை.

“நாலு வாரம் இங்க இருப்பீங்க. உங்க ரெக்கார்டு நோட்டுல மொத்தம் இருபத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்துலயும் என் கையெழுத்து வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் இந்தப் போஸ்டிங் தேறாது.”

மற்றவர்கள் தேறாவிட்டால் அடுத்த வருடம் திரும்ப வரலாம். அவளுக்கு அப்படி இல்லை. ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கென்று கல்லூரியில் ஒதுக்கியிருந்தது ஒரே ஓர் இடம். ஒரு வார்டுப் பயிற்சியில் தவறினாலும் அந்த இடம் போய்விடும். வயது வரம்பைத் தாண்டியவளுக்கு வேறு கல்லூரியும் இல்லை. ஆகவே, தம்பி... இல்லை, பிரதர்... உங்கள் கையெழுத்தை வாங்காமல் நான் விடப் போவதில்லை என்று அவள் மனசுக்குள் கச்சையைக் கட்டிக்கொண்டாள்.

ஆமாம், பிரதர்தான். பெண் நர்ஸ் என்றால் சிஸ்டர், ஆண் நர்ஸ் என்றால் பிரதர். நோயாளிகள், டாக்டர்கள், தரை துடைக்கிற அம்மா... எல்லோருக்கும் அவன் பிரதர்.

மூன்றாவது நாளே வினை வந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். வார்டு முழுக்க அவருக்கு ‘டீச்சர்’தான். பத்து மணி வாக்கில் சிஸ்டர் ஒருவர் அவருக்கு வலி ஊசி போட்டார். பக்கத்தில் தட்டை ஏந்தி நின்ற நம்மவள், ஊசி போட்ட மறுநொடி, டீச்சரின் முன்கையைத் திருப்பி, மார்க்கரால் ‘10.05’ என்று எழுதிவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை. குண்டு விழும் இடத்தில் காகிதம் நனைந்துவிடும், பறந்துவிடும். அடிபட்டவன் கை மாறிக் கை மாறிப் போவான். மருந்து கொடுத்த நேரம் அவன் உடம்பிலேயே இருந்தால்தான் அடுத்தவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் கை அப்படித்தான் பழகியிருந்தது.

டீச்சர் தன் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“நான் என்ன லாரில ஏத்துற மூட்டையா? என் மேலயே எழுதறே!”

குரல் வார்டின் அடுத்த கோடி வரை போனது. அவன் ஓடி வந்தான். அவன் பார்வை அந்தக் கறுப்பு எழுத்தில் நின்றது.

“யார் எழுதினது?”

“நான்தான். இப்படி எழுதினதால எத்தனை பேர் பொழச்சிருக்காங்க தெரியுமா உங்களுக்கு?”

“பொழச்சிருப்பாங்க. நான் இல்லைன்னு சொல்லலை.” அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. “ஆனா இங்க கட்டில் கால்மாட்டுல சீட்டு தொங்குது. அதுல எழுதலாம். அவங்க முழிச்சிருக்காங்க, பேசறாங்க. கையைப் பிடிச்சுத் திருப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அவன் ஸ்பிரிட் பஞ்சோடு வந்து, “டீச்சர், துடைச்சு விடட்டுமா?” என்று கேட்டான். அவர் தலையசைத்த பிறகுதான் தொட்டான். அப்புறம் அவள் ரெக்கார்டு நோட்டை வாங்கினான். பதினேழாம் பக்கம்... ‘நோயாளியிடம் பேசுதல், ஒப்புதல் பெறுதல்’. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

“கடைசி வாரம் இதை மறுபடி பார்க்கிறேன்.”

பத்தொன்பது வயதுப் பெண்கள் பத்துப் பேரின் முன்னால், முப்பத்துமூன்றுக்குக் காது மடல் சிவந்தது. ‘இரு... இரு... அந்தப் பெருக்கல் குறியை உன் கையாலயே அடிக்க வைக்கிறேன்!’

*

அன்று மாலை அவளுடைய அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து, அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பும் கிருமிநாசினியும் பட்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

“யூனிஃபார்ம் போட்டு சல்யூட் வாங்கினவம்மா நீ. இப்ப பெட்பேன் கழுவறேன்னு ஊர்ல எப்படிச் சொல்றது? என் கம்பெனியில பாதுகாப்பு அதிகாரி வேலை காலியா இருக்கு. உன்னை மாதிரி ஆளைத்தான் தேடறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லு.”

“அண்ணா... நான் படிக்கணும்.”

“அந்தச் சின்னப் பசங்களோடயா? உனக்கு என்ன தலையெழுத்தா?”

அவர் கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு அவளுக்கு எல்லாமாக இருந்தவர். அதனால்தான் வலித்தது. அவர் போன பிறகும் எழுந்திருக்கத் தோன்றாமல், ஆறிய டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“இங்க உட்காரலாமா?”

அவன். கையில் இரண்டு டீ.

“இன்சார்ஜ் கேக்கறப்ப முடியாதுன்னா சொல்ல முடியும்?”

“தாராளமா சொல்லலாம். இதுக்கெல்லாம் பெருக்கல் குறி போட மாட்டேன்.”

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். தெற்றுப்பல் காட்டிக்கொடுத்துவிட்டது.

“ஒண்ணு கேக்கணும்” என்றான். “அன்னிக்கு ரோட்டுல நீங்க செஞ்சதை, இங்க இருக்கிற பாதி டாக்டர்களால அவ்வளவு வேகமா செய்ய முடியாது. அப்படிப்பட்டவங்க எதுக்குங்க முதல் வருஷத்துல வந்து, பெட்ஷீட் மடிக்கக் கத்துக்கணும்?”

ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது.

“பன்னிரண்டு வருஷத்துல எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டிருக்கேன். கட்டுப் போடுவேன், நேரம் எழுதுவேன், ஹெலிகாப்டர்ல ஏத்துவேன். கதவு மூடிடும். அவ்வளவுதான்... அப்புறம் என்ன ஆனாங்க? நடந்தாங்களா? வீட்டுக்குப் போனாங்களா? ஒருத்தரைப் பத்திக்கூட எனக்குத் தெரியாதுங்க. அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம்... ஒரு மனுஷன் தேறி வர்றதைப் பக்கத்துல இருந்து பார்க்கணும். எனக்கு அது போதும்.”

அவன் டீயைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

“நீங்க எப்படி... இந்த வேலைக்கு?” என்று அவளே பேச்சை மாற்றினாள்.

“எங்கம்மா ஒரு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க. நான்தான் பார்த்துக்கிட்டேன். இது எனக்கு நல்லா வருதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. ஆம்பளை நர்ஸான்னு ஊரே சிரிச்சுது. பொண்ணு பார்க்கப் போன மூணு வீட்டுல, டாக்டருக்குப் படிச்சிருக்கக் கூடாதான்னு கேட்டாங்க. போதாக்குறைக்கு இங்க எல்லாரும் பிரதர், பிரதர்னு கூப்பிட்டே என் கல்யாணத்தை ஒழிச்சுக் கட்டிட்டாங்க!”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கேன்டீன்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அவன் அவள் சிரிப்பதையே பார்த்தான்... பிறகு சட்டென்று டீக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டான்.

‘ஏன் அப்படிப் பார்த்தார்? நான் ஏன் அதைக் கவனிச்சேன்?’

*

மறுநாளிலிருந்து டீச்சரின் கட்டிலை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற பெண்கள் ‘அக்கா, உங்களுக்கு எதுக்கு வம்பு’ என்றார்கள். வம்பு இருக்கிற இடத்தை விட்டு ஓடி அவளுக்குப் பழக்கம் இல்லையே!

முதலில் மன்னிப்புக் கேட்டாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நாள், “முகம் துடைக்கட்டுமா டீச்சர்?” என்றாள். “வேண்டாம்.” “சரி டீச்சர்.” தலை வாரட்டுமா? வேண்டாம். தலையணையைச் சரி பண்ணட்டுமா? வேண்டாம். இரண்டு நிமிடத்தில் ஆளைத் தூக்கி, உடுப்பை வெட்டி, கட்டுப் போடத் தெரிந்த கைகள், ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லுக்கு மடங்கி நிற்கக் கற்றுக்கொண்டன. எளிதாகவா? ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான். கை பரபரக்கும். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

நான்காம் நாள் டீச்சர், “ராணுவத்துலயும் இப்படித்தான் நின்னுக்கிட்டே இருப்பியா?” என்று கேட்டார். அதுதான் முதல் வெற்றி. ஐந்தாம் நாள் தலை வார விட்டார். பின்னல் கோணல் என்று திட்டினார். பிரித்துப் பின்னினாள். மறுபடி திட்டினார். மறுபடி பின்னினாள்.

ஆபரேஷன் ஆனதிலிருந்து, காலைக் கீழே ஊன்ற மாட்டேன் என்று டீச்சர் பிடிவாதமாக இருந்தார். விழுந்த பயம். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, பிரதர் சொல்லியும் கேட்கவில்லை. ஒன்பதாவது நாள் காலையில், அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது, “ஏய் பட்டாளம்... பிடிச்சுக்கோ. ஜன்னல் வரைக்கும்தான்” என்றார்.

நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி... இன்னோர் அடி... மொத்தம் ஏழு அடிகள். டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மழை விட்டுடுச்சே” என்றார், ரொம்ப சாதாரணமாக.

அவளால் அடக்க முடியவில்லை. குண்டுச் சத்தத்தில் அழாதவள், டீச்சரின் இடுப்பைப் பிடித்தபடியே தேம்பித் தேம்பி அழுதாள். ஒருத்தர் நடந்துவிட்டார். அவள் கண்ணெதிரே!

வார்டின் நடுவில் மருந்துத் தள்ளுவண்டியோடு அவன் நின்றிருந்தான். ஈரமான அவள் கண்களும் அவன் கண்களும் ஒரு கணம் சந்தித்தன. அவன் அசையவே இல்லை. பிறகு, வண்டியைத் தள்ளிக்கொண்டு தேவையே இல்லாமல் வெளியே போய்விட்டான்.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டான். கேன்டீனில் காணோம். வார்டில் வேலைப் பேச்சு மட்டும். அதுவும் அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்து! ‘என்ன தப்பு பண்ணினேன்? அழுதது பிடிக்கலையா? பட்டாளத்துக்காரி அழக் கூடாதா?’ அவள் ரோஷக்காரி. அவளும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னாள். ஆனால் மனசு மட்டும் அவன் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருந்தது.

*

கடைசி நாள். இருபத்தொரு பக்கங்களில் கையெழுத்து இருந்தது. பதினேழாம் பக்கம் மட்டும் பாக்கி.

நோட்டை நீட்டினாள். அவன் கை நீட்டவில்லை.

“இதை நான் பார்க்கப் போறதில்லை. பெரிய சிஸ்டர் வந்து பார்ப்பாங்க. அவங்ககிட்ட சொல்லிட்டேன்.”

பெரிய சிஸ்டர் என்றால் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கெல்லாம் தலைமை. அவர் வருகிறார் என்றால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். அவளுக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை.

“கடைசி வாரம் நானே பார்க்கிறேன்னு சொன்னீங்களே... என் மேல அவ்வளவு கோபமா? என் இடமே போயிடும்னு தெரிஞ்சும்...”

“கோபம் இல்லை.”

“பின்னே?”

அவன் மேஜையிலிருந்த சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தான். “போங்க. பெரிய சிஸ்டர் காத்துக்கிட்டிருக்காங்க.”

கண்ணில் முட்டிய நீரை உள்ளே தள்ளினாள். அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்? அண்ணன்.

“அந்த வேலைக்கு இன்னிக்கு சாயந்திரத்தோட கெடு முடியுதும்மா. அவங்க வேற ஆளை எடுத்துடுவாங்க. என்ன சொல்றே?”

தேறுவாளா என்று தெரியாது. தோற்றால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தாள். டீச்சர் போன வாரமே நடந்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

“வேண்டாம்ணா. நான் நர்ஸாத்தான் ஆகப் போறேன்.”

“யோசிச்சுச் சொல்லு...”

“யோசிச்சுட்டேன்ணா. பரீட்சை இருக்கு. வெச்சிடறேன்.”

பெரிய சிஸ்டர் காட்டிய கட்டிலில் இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு ஒரு லாரி டிரைவர். இரண்டு நாளாக யாரையும் கிட்டே விடாதவர். உடம்பு துடைத்து, உடுப்பு மாற்ற வேண்டும். இருபது நிமிடம்.

“ஐயா, வணக்கம். உடம்பு துடைச்சு விடட்டுமா?”

“ஒண்ணும் வேண்டாம்! பொம்பளைங்க வந்து என்னைத் தொட வேண்டாம். போ!”

“சரிங்கய்யா. தொடலை.”

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். வாளியில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம்... எட்டு நிமிடம்... ‘சும்மா உட்கார்ந்திருந்தா எப்படித் தேறுவே? எழுந்திரு, ஏதாவது செய்!’ என்று பன்னிரண்டு வருடப் பழக்கம் உள்ளே கத்தியது. அவள் அசையவில்லை.

பதினோராவது நிமிடம் அந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு... மத்தவங்க கையால குளிச்சுப் பழக்கம் இல்லைம்மா. வெக்கமா இருக்கு.”

“எனக்குப் புரியுதுங்கய்யா. துணியை நனைச்சுத் தர்றேன், எட்டற வரைக்கும் நீங்களே துடைச்சுக்குங்க. முதுகுக்கு பிரதர் யாரையாவது கூப்பிடட்டுமா?”

அவர் யோசித்தார். “தண்ணி ஆறிப்போயிருக்குமே...”

“வேற கொண்டு வர்றேன்.”

கொண்டு வந்தாள். அவர் முகம் துடைத்தார், கை துடைத்தார். துண்டைப் பிழியத் திணறினார். அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். “முதுகை நீயே துடைச்சு விடும்மா” என்றார் மெதுவாக.

நேரம் இருபது நிமிடத்தைத் தாண்டிவிட்டது. உடுப்பு மாற்றக் கூட ஆரம்பிக்கவில்லை. பெரிய சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை வாங்கி, மேஜையில் வைத்து, சிவப்புப் பெருக்கல் குறிக்குக் கீழே நீளமாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

“சிஸ்டர்... நேரம் முடிஞ்சிடுச்சே...”

“நேரத்துக்குள்ள முடிக்க நிறையப் பேர் இருக்காங்க. நீ போய் உடுப்பை மாத்திட்டு வா.” நோட்டை நீட்டியவர் ஒரு கணம் நிறுத்தினார். “உன் இன்சார்ஜ் போன வாரம் என் ரூமுக்கு வந்து நின்னான். இந்த மாணவிக்கு நான் மார்க் போட முடியாது, நீங்க பாருங்கன்னான். காரணம் கேட்டேன். சொந்தக் காரணமாம். முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு... அந்த மூஞ்சிக்கு அர்த்தம் தெரியாதா? போய் அவனையே கேளு.”

உடுப்பு மாற்றும் வேலையை முடித்துவிட்டுத்தான் அவள் அவனைத் தேடிப் போனாள்.

*

துணி அலமாரி அறையில் அவன் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அல்லது எண்ணுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தான். கதவில் நிழல் விழுந்ததும் எண்ணிக்கை தப்பியது.

“தேறிட்டேன்.”

அவன் கண்களை மூடித் திறந்தான். விட்ட பெருமூச்சில் அலமாரியே நகர்ந்திருக்கும்!

“இப்ப நீங்க சொல்லுங்க. என்ன சொந்தக் காரணம்?”

“அது...”

“சுவரைப் பார்க்காதீங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

பார்த்தான். அந்த மழையில் பார்த்த அதே பார்வை.

“டீச்சர் நடந்த அன்னிக்கு நீங்க அழுதீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு... இனிமே உங்க நோட்டுல நான் எதைப் போட்டாலும் அது நேர்மையா இருக்காது. பிடிச்சவங்களுக்குப் போட்ட கையெழுத்தா, உழைச்சவங்களுக்குப் போட்ட கையெழுத்தான்னு எனக்கே தெரியாது. நீங்க பட்ட பாட்டுக்கு அப்படி ஒரு கையெழுத்து வேண்டாம்னு நினைச்சேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“உங்க படிப்பே என் கையில இருக்கறப்ப, உங்களைப் பிடிச்சிருக்குன்னு எப்படிங்க சொல்றது? நீங்க சரின்னு சொன்னாலும், அது எனக்கா, நோட்டுக்கான்னு ஆயுசு முழுக்க எனக்குச் சந்தேகம் இருந்திருக்கும்.” குரல் கரகரத்தது. “இப்ப என் கையில எதுவும் இல்லை. அதனால சொல்றேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க இல்லைன்னு சொன்னாலும் ஒண்ணும் குறையாது.”

இந்த மனிதன்மேல் இத்தனை நாள் கோபப்பட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. எனக்கும் பிடிச்சிருக்கு. ரோட்டுல பார்த்த அன்னிக்கு இல்லை... பெருக்கல் குறி போட்ட அன்னிக்கு. பன்னிரண்டு வருஷத்துல என்னைப் பார்த்து, தப்புன்னு அவ்வளவு மரியாதையா சொன்ன முதல் ஆள் நீங்கதான்.”

அவன் கையிலிருந்த தலையணை உறைகள் பொலபொலவென்று கீழே விழுந்தன. இரண்டு பேரும் குனிந்தார்கள். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

“எங்கண்ணன் லேசுல சம்மதிக்க மாட்டாரு” என்றாள்.

“பேசுவோம். சம்மதிக்கிற வரைக்கும் பேசுவோம்.”

“என் படிப்பு முடிய இன்னும் மூணு வருஷத்துக்கு மேல ஆகும்.”

“ஆகட்டுமே.”

“திங்கட்கிழமையிலேர்ந்து எனக்குக் குழந்தைங்க வார்டு. சாயந்திரம் நாலு மணிக்கு முடியும். ஆஸ்பத்திரி வாசல்கிட்ட வந்து நில்லுங்க.”

அவன் விறைப்பாக நிமிர்ந்து நின்றான். “உத்தரவு!”

அவள் இமைகள் தாழ்ந்தன. தெற்றுப்பல் எட்டிப் பார்த்தது. பட்டாளத்துக்காரியின் குரல் முதல் முறையாக அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியது.

“உத்தரவு இல்லைங்க... ஆசை.”